பெயரழிப்பானின் பதினான்கு பக்கங்கள்

எங்கள் மேசையில் கடைசியாக ஒருவர் ஒழுங்காகச் செத்து ஒன்பது வருடமாகிறது. சாகாமல் இல்லை, சாவார்கள். டிராகன் மென்று துப்பும், எரிமலை விழுங்கும், ஒரு முறை நிலாவே பெயர்ந்து தலையில் விழுந்தது. ஆனால் சிமியின் பூசாரி ஒரு மந்திரம் சொன்னால் போதும், செத்தவர் அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து தன் செருப்பைத் தேடுவார். முப்பத்தோராவது லெவலில் வாழ்க்கை அப்படித்தான். கடையில் விற்கிற விதிப் புத்தகம் இருபதாவது லெவலோடு கையைக் கழுவிவிட்டது. அதற்குமேல் இருப்பதெல்லாம் நாங்களே எழுதிக்கொண்டது, கொல்லைப்புறத்தில் காய்ச்சுகிற பியர் மாதிரி. அதன் லட்சணம் குடித்தவனுக்குத்தான் தெரியும்.

ஆட்டம் நடப்பது பர்னி என்கிற துறைமுக ஊரில், கடலுக்கு எதிரே, வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர்கள் புல்தரையில் பந்து உருட்டுகிற கிளப்பின் பின்னறையில். ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குத் தொடங்குவோம். சிமிக்கு சர்ச் முடிய வேண்டும், அதனால்தான் அந்த நேரம். பத்தொன்பது வருடமாக இதுதான் பழக்கம். பலகையும் இல்லை, காய்களும் இல்லை. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், கைநிறையப் பகடை. ஆளுக்கொரு வீரரை வைத்துக்கொண்டு பேசிப்பேசியே ஆடுகிற ஆட்டம் இது. எதிரே என்ன வருகிறது என்பதைக் கோலீன் சொல்வார், நாம் செய்ய நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

கோலீனுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் நெட்பால் நடுவராக இருந்தவர். அந்த விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. அவர் ஊதினால் டிராகனும் நிற்கும், நாங்களும் நிற்போம். சிமி டோங்காக்காரன், கேரட் கழுவிப் பெட்டியில் அடைக்கிற ஆலையில் மேற்பார்வையாளன். சர்ச்சுக்கு அவர்கள் ஊர் வழக்கப்படி உடுப்புக்குமேல் கட்டிய இடுப்புப் பாயோடு அப்படியே வந்து, லூ என்று சேம்பிலையில் ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சுட்ட பொட்டலங்களை மேசையில் பரப்புவான். நான் லினெட், இவர்களுக்கு லின். துறைமுக வாசலில் எடைமேடை பார்க்கிறேன். மரச்சீவல் லாரி ஏறும்போதே ஓட்டுநர் எத்தனை டன் பொய் சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் ஆள் நிக்ஸா, திருடி. ஒரு கடவுளின் நிழலைத் திருடிப் போர்வையாகப் போர்த்தியிருப்பவள்.

நாலாவது ஆள் டாரல். வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவன். வோர்கன் என்கிற மாவீரனுக்குச் சொந்தக்காரன். ஆறு வருடம் முன்புவரை எனக்குப் புருஷன்.

டாரல் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும். அவன் எதையும் பாதியில் விடுபவன். வீட்டுப் பின்பக்கம் மரத்தளம் போட ஆரம்பித்தான். பாதிக்குமேல் பலகை இல்லை, மழையில் நாய் கால் மாட்டிக்கொண்டு கத்தும். ஒரு படகுக்கு வண்ணம் அடித்தான். இடது பக்கம் நீலம், வலது பக்கம் துரு. கல்யாணத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. வோர்கனை மட்டும் அவன் விடவில்லை. பத்தொன்பது வருடத்தில் எண்ணி மூன்று ஞாயிறுதான் வராமல் இருந்திருக்கிறான், அதில் ஒன்று அவனுக்குக் குடல்வால் எடுத்த நாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள். வோர்கனும் நிக்ஸாவும் இன்னும் கணவன் மனைவிதான்.

நாங்கள் நிஜத்தில் கல்யாணம் செய்துகொண்ட வருடமே ஆட்டத்திலும் செய்துகொண்டோம். கோலீன் சீதனமாக ஒரு விதி எழுதித் தந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இருவரும் வாய்விட்டு 'பக்கத்துல இருக்கேன்' என்று சொன்னால், அப்போது உருட்டுகிற பகடைக்கு இரண்டு பாயிண்ட் கூடும். விவாகரத்து முடிந்து வந்த முதல் ஞாயிறு கோலீன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கேரக்டருங்களுக்கும் பிரிவு எழுதிடவா?"

"எழுதினா அந்த ரெண்டு பாயிண்ட்?" என்றான் டாரல்.

"போயிரும்."

நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். வீட்டை விற்றுப் பங்கு போட்டவர்கள், நாயை வாரம் மாற்றி வைத்துக்கொள்பவர்கள் நாங்கள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

அன்றிலிருந்து ஆறு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை, அரக்கன் வந்தாலும் பூதம் வந்தாலும் தாளைப் பார்த்தபடியே 'பக்கத்துல இருக்கேன்', 'பக்கத்துல இருக்கேன்' என்று ஒப்பித்துவிட்டு இரண்டு பாயிண்டை வாங்கிக்கொண்டிருந்தோம். வெளியில் இருந்து பார்ப்பவனுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். பார்த்தால் பார்க்கட்டும்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு டாரல் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு வந்தான். உள்ளே பதினான்கு பக்கம், அச்சடித்து, ஓரம் தைத்து.

"எல்லாரும் சாப்பாட்ட ஓரம் வைங்க. ஒரு மேல்தொழில் எழுதியிருக்கேன்."

மேல்தொழில் என்பது இதுதான். ஒவ்வொரு வீரருக்கும் ஆரம்பத்தில் ஒரு தொழில் இருக்கும்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி, திருடி. வெகுதூரம் ஏறியபிறகு, சொன்ன தகுதிகள் இருந்தால், அபூர்வமான இன்னொரு தொழிலில் சேரலாம். புத்தகத்திலேயே நூறு இருக்கிறது. ஆனால் முப்பதாவது லெவல் ஆட்களுக்கென்று புத்தகத்தில் எதுவும் கிடையாது, நாமே எழுதினால்தான் உண்டு.

"போன தடவ சிமி எழுதுன பறக்கிற நண்டு மாதிரி இருக்காதே?" என்றேன்.

"அந்த நண்டுக்கு என்னடி குறைச்சல்?" என்றான் சிமி வாய் நிறைய சேம்பிலையோடு. "அழகான நண்டு."

"அது ரெண்டு நாடுகளத் தின்னுச்சு, சிமி."

"பசிச்சா தின்னும்தான்."

டாரல் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கோப்பை இரண்டு கையாலும் கோலீனிடம் நீட்டினான். "பேரு பெயரழிப்பான்" என்றான். "உப்பரசிய முடிக்கத்தான்."

உப்பரசி எங்கள் பரம எதிரி. பதினோரு முறை கொன்றிருக்கிறோம், பதினோரு முறையும் திரும்பி வந்தாள். போன தடவை வருவதற்கு முன்னால் அழைப்பிதழே அனுப்பினாள். எங்களைச் சிமியின் பூசாரி எழுப்புகிற மாதிரி அவளுக்கும் யாரோ இருக்கிறார்கள். டாரல் கண்டுபிடித்த வழி, அவளைக் கொல்வதில்லை, அவள் பெயரையே அழிப்பது. பெயர் இல்லாவிட்டால் யாரை எழுப்புவது?

கோலீன் கண்ணாடி போட்டுக்கொண்டு நடுவர் குரலில் வாசித்தார். சேர்வதற்குத் தகுதி: முப்பது லெவல் தாண்டியிருக்க வேண்டும், ஒரே எதிரியிடம் பத்துமுறை ஏமாந்திருக்க வேண்டும், கொடுத்த சத்தியம் ஒன்றையாவது மீறியிருக்க வேண்டும். மீறியது வருத்தத்தோடு இருக்க வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் வேறு போட்டிருந்தான். ஒன்பதாம் பக்கம் வரை இப்படியே போனது. பத்தாம் பக்கத்தில் விஷயம் வந்தது. பெயரழிப்பான் ஒருமுறை எதிரியைத் தொட்டுவிட்டால், எதிரி இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பதினைந்து அல்லது மேலே விழுந்தால் தப்பினான். இல்லையென்றால் பெயர் போனது. எந்த மந்திரமும், எந்த ஆயுதமும், எந்தக் கடவுளும் இந்த உருட்டலுக்கு உதவ முடியாது. பெயர் போனவரை யாரும் எழுப்பவும் முடியாது. பன்னிரண்டாம் பக்கம்: அழிப்பதை நிஜத் தாளில் நிஜ ரப்பரால் செய்யவேண்டும். பதின்மூன்று: விலை. அழித்தவர், அந்தப் பெயரோடு சேர்ந்து சம்பாதித்ததை எல்லாம் இழப்பார்.

அதை வாசிக்கும்போது டாரல் மீசைக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. கள்ளன். உப்பரசியோடு சேர்ந்து யார் என்ன சம்பாதித்தார்கள்? ஒன்றுமில்லை. விலை என்று பெரிதாக எழுதிவிட்டு ஒரு காசு கொடுக்காமல் வாங்கப்பார்க்கிறான். லாரியில் ஈரச்சீவலை அடியில் போட்டுக் காய்ந்ததை மேலே பரப்புகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

"ஆட்சேபம் இருக்கா?" என்றார் கோலீன்.

டாரல் மேசைக்கடியில் சிமியின் காலை உதைத்தான். ஏன் உதைத்தான் என்று பிறகுதான் விளங்கியது. சிமி வாயில் இருந்ததை விழுங்கப் பாடுபட்டான். அதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"இது ஆகாது."

யோசித்துச் சொல்லவில்லை. டாரல் எதையாவது ஆசையாக நீட்டினால் 'இது ஆகாது' என்பது பத்து வருடக் குடித்தனத்தில் நாக்குக்குப் பழகிப்போன சொல். கையை எடுப்பதற்குள் கதவு சாத்திக்கொள்கிற மாதிரி தானாக வந்துவிடும்.

விசில் ஒலித்தது. கோலீன் சுவரைக் காட்டினார்.

சுவரில், பந்து உருட்டுகிறவர்களின் பழைய ஸ்கோர் பலகையின் பின்பக்கம், எங்கள் மேசை விதிகள் இரண்டு கறுப்பு மையில் இருக்கின்றன. புதியது சிமியின் நண்டுக்குப் பிறகு வந்தது. புது விதி எழுதியவர் அதை முதலில் ஆடக்கூடாது. முதலில் ஆட்சேபித்தவர்தான் ஆடவேண்டும், அதுவும் எழுதியவரின் சொந்தக் கேரக்டருக்கு எதிராக. தன் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு எழுதட்டும் என்பதற்காக.

"லின் ஆட்சேபிச்சாச்சு. நிக்ஸா இப்ப பெயரழிப்பான். எதிர்ல வோர்கன்."

டாரலின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மெஷினைத் திறந்ததும் நுரை முழுக்கத் தரையில் வழிந்த மாதிரி நின்றான். அவன் போட்ட கணக்கு வேறு. சிமி எப்போதும் ஆட்சேபிப்பான், சிமிக்கு இளகின மனசு, தொடாமல் விட்டுவிடுவான் என்று நினைத்திருக்கிறான்.

"யோவ், நீ என்னை முன்கூட்டியே கேட்டிருக்கலாம்ல" என்றான் சிமி பரிதாபமாக. "காலை உதைச்சா எனக்கு என்ன புரியும்? லூவ நகத்தச் சொல்றியோன்னு நெனச்சேன்."

"நிக்ஸாவுக்குத் தகுதி இல்லையே" என்றான் டாரல். "சத்தியத்த மீறியிருக்கணும்."

"அவ திருடிடா" என்றேன். "நாப்பது சத்தியம் மீறியிருக்கா."

"வருத்தத்தோட மீறியிருக்கணும்னு போட்டிருக்கேன்."

"ஒண்ணு வருத்தத்தோடதான்."

கோலீன் தகுதி உண்டு என்று குறித்துக்கொண்டார்.

"சரி, சரி" என்றான் டாரல், கையை விரித்து. "ஆடலாம். ஆனா முதல்ல சும்மா ஒரு தடவ உருட்டிப் பாப்போம். கணக்குல சேக்காம. எப்படி வேல செய்யுதுன்னு..."

அவன் சொல்லச் சொல்லவே குரல் இறங்கியது. மூன்று பேரும் பலகையைப் பார்த்தோம். பழைய விதி டாரலின் கையெழுத்திலேயே இருக்கிறது: 'சும்மா உருட்டுவது என்று ஒன்று கிடையாது. மேசையில் விழுந்தது விழுந்ததுதான்.'

அந்த விதி வந்தது என் கழுதையால். நிக்ஸாவுக்கு ஆரம்பத்தில் ஒரு கழுதை இருந்தது, பெயர் பிஞ்ச். டாரல் எங்கள் மேசைக்கு வந்துசேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே நான் என் முதல் கொள்ளையில் வாங்கியது. வோர்கனின் அப்பா கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு தொங்குபாலம். நான் கை பழகுவதற்காகப் பகடையை உருட்டினேன், ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண். 'இது சும்மா' என்றேன். டாரல் ஒரு மணி நேரம் வாதாடினான். மேசையில் விழுந்ததை எடுக்கலாம் என்றால் ஆட்டம் எதற்கு என்று ஸ்கோர் பலகையைத் திருப்பி எழுதியே விட்டான். பிஞ்ச் பள்ளத்தில் விழுந்தது. அப்போது சிமியின் பூசாரிக்கு எழுப்புகிற மந்திரம் தெரியாது. பிரிவதற்கு முன் எங்களை ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்களே, உங்கள் மனதில் ஆறாமல் இருப்பது எது என்று அந்த அம்மாள் கேட்டபோது நான் கழுதையைத்தான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எதையோ எழுதினார்.

"அப்ப ஆரம்பிக்கலாம்" என்றார் கோலீன்.

உப்பளத்தின் நடுவே இரும்பு வாசல். வோர்கன் ஏழு கவசம் போட்டு நிற்கிறான், நெருப்பில் வேகாதவன், வாளில் வெட்டுப்படாதவன், மூன்று தெய்வங்கள் அவனுக்குக் கடன்பட்டிருக்கின்றன. டாரல் எழுதிய பத்தாம் பக்கத்தின் முன்னால் அதில் எதுவும் காசுக்குப் பெறாது. நிக்ஸா நிழலுக்குள்ளிருந்து கையை நீட்டுகிறாள். நான் உருட்டினேன். பத்தொன்பது.

"தொட்டாச்சு" என்றார் கோலீன். "டாரல், உருட்டு. பதினஞ்சு வேணும்."

டாரல் தன் பச்சைப் பகடையை எடுத்தான். முனையெல்லாம் தேய்ந்தது. எங்கள் தேனிலவுக்கு ஹோபார்ட் போனபோதும் சட்டைப்பையில் அதுதான் இருந்தது. உள்ளங்கையில் வைத்து ஊதினான், குலுக்கினான், விட்டான். அது சேம்பிலைப் பொட்டலத்தில் மோதி, சுற்றி, நின்றது.

பதின்மூன்று.

வெளியே யாரோ பந்தை நன்றாக உருட்டியிருக்க வேண்டும், கைதட்டல் கேட்டது.

"ரெண்டு குறையுது" என்றான் சிமி மெதுவாக. பிறகு நிமிர்ந்தான். "ரெண்டுதானே குறையுது! கோலீன், மந்திரம் உதவாது, ஆயுதம் உதவாது, கடவுள் உதவாது. பொண்டாட்டி உதவக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

கோலீன் பத்தாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கல்யாண விதியை எழுதிய பழைய நோட்டைப் புரட்டினார். விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார்.

"செல்லும். நிக்ஸா தொடுற தூரத்துலதான் நிக்கிறா, அதனால பக்கத்துலதான் இருக்கா. ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னா பதினஞ்சு ஆயிரும். வோர்கன் பொழச்சான். லின், நீ சொல்லலேன்னா அவன் பேரு போயிரும். ஆனா பதின்மூணாம் பக்கத்த மறந்துறாத. அவன்கூடச் சேந்து சம்பாதிச்சது அத்தனையும் உனக்குப் போயிரும். உன்னோட முப்பத்தோரு லெவல்ல இருபத்தொம்பது அவன் வந்தப்புறம் வந்தது."

முட்டை வேகவைக்கிற மணல் கடிகாரத்தைத் திருப்பி மேசை நடுவில் வைத்தார்.

டாரல் உடனே சொன்னான். "பக்கத்துல இருக்கேன்."

பகடையைப் பார்த்தே சொன்னான். நானும் வழக்கம்போல் தாளைப் பார்த்து வாயைத் திறந்தேன். வாரத்துக்கு நாலைந்து தடவை, ஆறு வருடம். ஆயிரத்துக்கு மேல் வரும். அதில் ஒரு தடவையாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொன்னோமா என்று அப்போது ஏன் தோன்றியதோ தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லு லின்" என்றான் டாரல். "உனக்கும்தானே நஷ்டம். கடவுளோட நிழல் போயிரும். ரெண்டாம் லெவல்ல ஒரு பூனை பிராண்டினாலே செத்துருவ."

"தெரியும்."

"அப்புறம் என்ன? கழுதைக்காகப் பழிவாங்குறியா?"

"கழுதையும் இருக்கு."

மணல் பாதி இறங்கிவிட்டது. அவன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இது ஒண்ணுதான் நான் பாதியில விடாதது" என்றான். "பின்னாடி அந்தத் தளத்த விட்டேன். படக விட்டேன். உன்னையும் விட்டேன், தெரியும் எனக்கு, நீ ஒவ்வொரு தடவையும் சொல்லிக்காட்ட வேணாம். வோர்கன மட்டும்தான் விடல. அவன எங்கிட்டேருந்து எடுத்துராத."

சிமி சேம்பிலையை உற்றுப்பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இதை இவன் அந்த ஆலோசகர் அறையில் சொல்லியிருந்தால் நாங்கள் இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருப்போம். கூடவே கோபமும் வந்தது. சாகவே முடியாத ஒருத்தனாக முப்பத்தோராவது லெவலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நானும் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஆறு வருடமாக இரண்டு பாயிண்டுக்காகக் குடும்பம் நடத்தியிருக்கிறோம். எனக்கு இவன்மேல் வெறுப்பு இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

கடைசி மணல் இறங்கியது.

"நான் சொல்லல" என்றேன்.

கோலீன் விசில் ஊதவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினார். டாரல் வோர்கனின் தாளை அதே மாதிரி தள்ளினான். பத்தொன்பது வருடமாக அழித்து அழித்து எழுதி அந்தத் தாள் துணிமாதிரி ஆகியிருந்தது. பெயர் மட்டும் முதல் நாள் எழுதியபடியே இருந்தது. நான் கிழிந்துவிடாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழித்தேன். எழுத்து போய்விட்டது, பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் வெளிச்சத்தில் தெரிந்தது. அதற்கு விதி எதுவும் எழுதப்படவில்லை, அதனால் அதை அப்படியே விட்டேன்.

"டாரல்" என்றேன். "நீ இத பாதியில விடலடா. முடிச்சுட்ட. வேற எதையும் நீ முடிச்சு நான் பாத்ததே இல்ல."

அவன் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். நேராகப் பந்து உருட்டுகிற புல்தரையின் நடுவே, வேலை பூட்ஸோடு. ஒரு நிமிடத்தில் யாரோ ஒரு அம்மாளின் குரல் எங்கள் ஜன்னல் வரை வந்தது, புல்லைப் பற்றியும், பூட்ஸைப் பற்றியும், அவனை வளர்த்தவர்களைப் பற்றியும்.

"போய்க் கூப்பிடவா?" என்றான் சிமி.

"வேணாம். அந்தம்மா திட்டி முடிக்கட்டும்" என்றார் கோலீன். "அவனுக்கு நல்லது."

அதற்குள் அவர் முதல் நோட்டை அலமாரியிலிருந்து எடுத்திருந்தார், அட்டையில் தேநீர்க் கறையோடு. வோர்கன் வருவதற்கு முன் நிக்ஸாவிடம் என்ன இருந்தது என்று விரலை வைத்து வாசித்தார். "ரெண்டாம் லெவல். உயிர் ஒம்பது பாயிண்ட். கத்தி ரெண்டு. கயிறு ஒண்ணு. காய்ஞ்ச சீஸ், ஒரு துண்டு." விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வோர்கன்னு ஒருத்தன் இல்லேன்னா அவங்கப்பா கோட்டைக்கு நீங்க எதுக்குப் போறீங்க? போகலேன்னா பாலம் ஏது?"

எனக்கு விளங்க இரண்டு நொடி ஆனது.

"கழுதை?"

"கழுதை" என்றார் கோலீன், விசிலை எடுத்து ஊதினார். முப்பது வருட நெட்பாலில் அத்தனை பலமாக ஊதியிருப்பாரா என்று தெரியவில்லை. சிமி எழுந்து நின்று கைதட்டினான். நான் அந்தக் கழுதைக்காக இரண்டாம் முறை அழுதேன், இம்முறை மூக்கும் சேர்ந்து ஒழுகியது.

டாரல் உள்ளே வந்தபோது பூட்ஸைக் கையில் பிடித்திருந்தான், காலுறையில் பெருவிரல் தெரிந்தது. கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, கோலீனின் கட்டிலிருந்து வெற்றுத்தாள் ஒன்றை உருவிக்கொண்டான்.

"பேரு என்ன?" என்று கேட்டார் கோலீன்.

"இன்னும் வைக்கல. முதல் லெவல். சண்டைக்காரன். கையில ஒரு தடி." கொஞ்சம் யோசித்தான். "உயிர் ஆறு பாயிண்ட்."

"உப்பரசிய இனி யார் முடிக்கிறது?" என்று கவலைப்பட்டான் சிமி. "என் பூசாரி ஒருத்தன்தான் முப்பத்தொண்ணுல நிக்கிறான். நான் தனியா என்ன பண்ண, ஜெபமா பண்ண?"

"இவங்க ரெண்டு பேரும் ஏறி வர்றதுக்குள்ள அவளுக்கு மூட்டுவலி வந்துரும்" என்றார் கோலீன். "உன் பூசாரி லீவுல போகட்டும். நீயும் ஒரு தாள எடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலை நாங்கள் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. "ஒரு வழிப்போக்கர் சத்திரத்தோட நிலவறை. இருட்டு. நிக்ஸா கழுதையப் படியில கட்டிட்டு எறங்கியிருக்கா. மாவு மூட்டைக்குப் பின்னாடி ஏதோ பிராண்டுற சத்தம்."

"என்ன அது?" என்றேன்.

"எலி. நாய் சைசுக்கு."

சிரிப்பு வரவில்லை. நிலா தலையில் விழுந்தபோது சேம்பிலையைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்த மேசை இது. இப்போது நால்வரும் நாற்காலி நுனிக்கு வந்திருந்தோம். ஒன்பது பாயிண்ட் உயிர். அந்த எலி நன்றாக ஒரு கடி கடித்தால் ஐந்து போகும், இரண்டு கடி கடித்தால் சிமியின் பூசாரி லீவில் இருக்கிறான்.

டாரல் பச்சைப் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றான். பிறகு கோலீனிடம், "ரெண்டு பாயிண்ட் உண்டா?"

"அதுக்குக் கல்யாணம் ஆகியிருக்கணும். இவளுக்கு உன்னை யாருன்னே தெரியாது. உனக்குப் பேரே இல்ல."

டாரல் என் பக்கம் திரும்பினான். இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை. போகவா இருக்கவா என்று தெரியாமல் நிற்கிறவன் முகம்தான் அது, அந்த முகத்தை நான் வெகுகாலமாகப் பார்க்கவில்லை.

"பாயிண்ட் கிடையாது" என்றேன். "பரவால்ல. சும்மா நில்லு."